மலையை வாசிப்பது எப்படி? சீன ஓவியத்திலிருந்து வந்த சேம்பர் இசை: ஓர் எளிய அறிமுகம்

யூடியூபில் 'சீன இசை' என்று தேடிப் பாருங்கள். பனி மூடிய மலைப் படம், பின்னால் ஒரு மூங்கில் குழல், 'ஆழ்ந்த உறக்கத்துக்கு, மன அமைதிக்கு' என்று ஒரு தலைப்பு, மூன்று மணி நேர நீளம். அதைப் போட்டுவிட்டுத் தூங்குவதில் தப்பேதும் இல்லை. ஆனால் சீன மலை ஓவியங்களிலிருந்து பிறந்த இசை என்று யாராவது சொன்னால் நமக்கு அந்த வீடியோதான் நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் சங்கீதம் தெரிந்தவர்களோ வேறு மாதிரிச் சொல்வார்கள்: "அஞ்சு ஸ்வரத்தை மேலயும் கீழயும் வாசிச்சா சீன இசை, அவ்வளவுதானே."

இரண்டும் சரியில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சில சீன இசையமைப்பாளர்கள் வயலின், செல்லோ, பியானோ, குழல் என்று சிறு குழுக்களுக்கு எழுதிய இசை ஒன்று இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் உங்களைத் தூங்க விடாது. சில இடங்களில் நாற்காலியின் நுனிக்கே வந்துவிடுவீர்கள். அவர்கள் ஓவியத்திடமிருந்து வாங்கிக்கொண்டது மலையின் தோற்றத்தை அல்ல, ஓவியர் தூரிகையை ஓட்டும் முறையை. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சேம்பர் இசை என்றால்

ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்துப் பதினைந்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும். சேம்பர் இசையில் ஒரு வரிக்கு ஓர் ஆள்தான். இரண்டு பேரிலிருந்து எட்டு ஒன்பது பேர் வரை இருப்பார்கள். கோலை வைத்து நடத்த பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். இதில் அதிகம் புழங்கும் வடிவம் ஸ்ட்ரிங் குவார்டெட்: இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ (இன்னும் பெரியது, உட்கார்ந்து நிமிர்த்தி வைத்து வாசிப்பது).

ஆள் குறைவு என்பதால் எதையும் மறைக்க முடியாது. வில் தந்தியைத் தொடும் கரகரப்பு, விரல் வழுக்கும் ஒலி, ஒரு ஸ்வரம் தேய்ந்து போகும் விதம் எல்லாம் கேட்கும். நாம் பேசப்போகும் இசைக்கு இதுதான் அடிப்படைத் தேவை. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் இந்த நுணுக்கங்களில் பாதி காணாமல் போய்விடும்.

ஓவியம்: ஒரே மலை, பல இடத்திலிருந்து

மலைப் பாதையில் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். அடிவாரத்தில் நிமிர்ந்து பார்த்தால் உச்சி தெரியும். கொஞ்சம் ஏறியதும் ஒரு வளைவில் மலைக்குப் பின்னால் இன்னொரு மலை எட்டிப் பார்க்கும். மேலே போய்ச் சேர்ந்தபின் எதிரே தொடுவானம் வரை தாழ்ந்து விரிந்து கிடக்கும். வீட்டுக்கு வந்து 'மலையைப் பார்த்தேன்' என்று சொல்லும்போது நீங்கள் சொல்வது இந்த மூன்றையும் சேர்த்துத்தான். கேமரா ஓரிடத்தில் நின்று எடுத்த படம் அந்தப் பயணத்தைச் சொல்லாது.

சீன ஓவியர்கள் இந்தப் பயணத்தையே ஒரே பட்டில் வரைந்தார்கள். 'மலையும் நீரும்' என்ற பொருளில் ஷான்ஷுய் என்று அழைக்கப்படும் ஓவிய மரபு இது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குவோ ஷீ இதைக் கோட்பாடாகவே சொல்லி வைத்தார்: கீழிருந்து மேலே பார்க்கும் 'உயர் தொலைவு', முன்னாலிருந்து பின்னுள்ளதை ஊடுருவிப் பார்க்கும் 'ஆழ் தொலைவு', பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலையைப் பார்க்கும் 'சம தொலைவு'. அவர் 1072இல் வரைந்த 'வசந்தத்தின் தொடக்கம்' தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மூன்று தொலைவுகளும் ஒன்றாகவே இருக்கின்றன. உங்கள் கண் ஓரிடத்தில் நிற்காது, நடந்துகொண்டே இருக்கும்.

சுருள் ஓவியத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஹுவாங் கோங்வாங் 1350 வாக்கில் முடித்த ஃபூச்சுன் மலை ஓவியம் சில மீட்டர் நீளம். அதைச் சுவரில் மாட்டிப் பார்ப்பது பழைய வழக்கமில்லை. மேசையில் வைத்து, வலப்பக்கத்திலிருந்து ஒரு கை அகலம் விரித்துப் பார்த்துவிட்டு, அதைச் சுருட்டிக்கொண்டே அடுத்த பகுதியை விரிக்க வேண்டும். பார்த்தது மறையும், புதியது வரும். நேரத்தில் ஓடும் ஓவியம், ஏறக்குறைய இசை மாதிரி. (1650இல் அதன் சொந்தக்காரர் சாகும் தறுவாயில் அதைத் தீயில் போடச் சொன்னார். உறவினர் ஒருவர் எடுத்துக் காப்பாற்றினார், ஆனால் அதற்குள் அது இரண்டு துண்டாகிவிட்டது. ஒரு துண்டு சீனாவில் ஜெஜியாங்கிலும் மற்றது தைபேயிலும் இருக்கின்றன. 2011இல்தான் இரண்டும் ஒரே கண்காட்சியில் சேர்ந்தன.)

இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, தூரிகை வீச்சு. மையில் தோய்த்த தூரிகையைத் தாளில் வைத்தால் அழித்துத் திருத்த முடியாது. தூரிகை எங்கே இறங்கியது, எங்கே அழுந்தியது, எங்கே மை தீர்ந்து வறண்டது, எப்படி எடுபட்டது என எல்லாம் அந்த ஒற்றைக் கோட்டில் பதிந்துவிடும். பாறையின் மேற்பரப்பைக் காட்ட அவர்கள் விதவிதமான வீச்சுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்திருந்தார்கள். இரண்டு, வெற்றிடம். தாளில் எதுவும் வரையாமல் விட்ட இடம் ஓரிடத்தில் மூடுபனி, இன்னோரிடத்தில் ஆறு, மற்றோரிடத்தில் வானம். அது என்னவென்று தீர்மானிப்பது பக்கத்தில் இருக்கும் கோடுகள்.

இதுவரை வந்ததில் மூன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: நகரும் பார்வை, உயிருள்ள ஒற்றைக் கோடு, பொருள் பொதிந்த வெற்றிடம். இசைக்குள் போவது இவைதான்.

கூச்சின்: ஓவியரின் மேசையில் இருந்த வாத்தியம்

ஓவியத்துக்கும் இசைக்கும் உள்ள உறவை யாரோ நவீன காலத்தில் கற்பனை செய்து ஒட்டவைக்கவில்லை. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோங் பிங் என்ற ஓவியர் வயதாகி மலையேற முடியாமல் போனதும், தான் சுற்றிய மலைகளை வீட்டுச் சுவர்களில் வரைந்து வைத்தார். அவற்றின் முன் உட்கார்ந்து தந்தி வாத்தியத்தை மீட்டி, மலைகளெல்லாம் எதிரொலிக்கச் செய்யப்போவதாகச் சொன்னார் என்று பழைய வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது.

அந்த வாத்தியம் கூச்சின். மடியிலோ மேசையிலோ கிடையாக வைத்து வாசிக்கும் நீண்ட மரப்பெட்டி, ஏழு தந்திகள். வீணையில் விரல் வைக்க இருக்கும் மெட்டுக் கட்டைகள் போல எதுவும் கிடையாது. விரல் வைக்க வேண்டிய இடங்களைக் காட்ட ஓரமாக 13 புள்ளிகள் மட்டும். முன்பெல்லாம் பட்டு இழைத் தந்திகள், இப்போது பெரும்பாலும் உலோகத் தந்திகள். ஒலி மிகச் சிறியது. பக்கத்து அறையில் குழம்பு தாளித்தால் கேட்காது.

இதில் மூன்று வகை ஒலிகள் உண்டு. திறந்த தந்தி ஒலி தடிப்பாக, நிலத்தில் ஊன்றியது போல இருக்கும். தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போன்ற மெல்லிய மேல் ஒலி வரும். அதற்கு ஹார்மோனிக் என்று பெயர். மூன்றாவது, இடது கைவிரலால் அழுத்தி மீட்டுவது. விஷயமே இதில்தான் இருக்கிறது. ஒருமுறை மீட்டியபின் வலது கைக்கு வேலை முடிந்தது, இடது கைக்கு அப்போதுதான் தொடங்குகிறது. விரல் மேலே வழுக்கும், கீழே இறங்கும், சிறிதாக அசையும், பெரிதாக அசையும். கர்நாடக இசையில் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் தெரிந்த காதுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம்: பல சமயம் ஒலி தேய்ந்து மறைந்த பின்னும் விரல் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போது கேட்பது விரல் தந்தியில் உராயும் மெல்லிய சரசரப்பு மட்டுமே. ஸ்வரம் இல்லை, அதன் போக்கு மட்டும் மிச்சம். மை தீர்ந்த தூரிகை தாளில் விடும் வறண்ட கோடு இதேதான்.

குறியீட்டு முறையும் வேடிக்கையானது. எந்த விரல், எந்தத் தந்தி, எந்த இடம், எப்படி மீட்டுவது என்பதையெல்லாம் துல்லியமாக எழுதி வைத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் என்பதை மட்டும் எழுதவில்லை. அது குருவிடமிருந்தும் தன் உள்ளுணர்விலிருந்தும் வர வேண்டும்.

கூச்சின் ஒலியைப் பூமியை விட்டே அனுப்பியாயிற்று. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியோடு, கூச்சின் கலைஞர் குவான் பிங்ஹு வாசித்த 'ஓடும் நீர்' ஏழரை நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. குவான் ஓவியரும்கூட. அவருடைய அப்பா சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தின் அரசவையில் ஓவியராக இருந்தவர். இந்த உருப்படியில் நீர் சுழித்தோடுவதை நேராகவே காட்டும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. ஆக, நடித்துக் காட்டுவது இந்த மரபில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவே முழு வேலையும் இல்லை.

பியானோவால் சுருதியை வளைக்க முடியாது

இனிதான் சேம்பர் இசை. இதன் முன்னோடி, இசையமைப்பாளர் சோ வென்-சுங். 1923இல் ஷான்டோங் மாகாணத்தின் யாந்தாயில் பிறந்தார், போர்க்காலத்தில் சிவில் எஞ்சினியரிங் படித்தார், 1946இல் கட்டடக்கலை படிக்க உதவித்தொகையோடு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கொஞ்ச நாளிலேயே அதை விட்டுவிட்டு இசைக்கு மாறினார். (நம் வீடுகளில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்.) 1949 முதல் இசையமைப்பாளர் எட்கார் வரேஸிடம் படித்தார். ஒலியை ஒரு பருப்பொருள் மாதிரி, செதுக்கவும் மோதவிடவும் கூடியதாகப் பார்த்த பிரெஞ்சுக்காரர் வரேஸ். இந்தப் பார்வைக்கும் கூச்சின் மரபுக்கும் பொருத்தம் இருப்பதைச் சோ கண்டுகொண்டார்.

1957இல் அவர் பியானோவுக்கு எழுதிய 'தளிர்விட்ட வில்லோ மரங்கள்' என்ற சிறு படைப்பை நான் முதலில் காட்டுவேன். தனி பியானோ என்பதால் சேம்பர் இசைக் கணக்கில் வராது, ஆனால் உத்தி இதில்தான் கண்ணாடி மாதிரித் தெரிகிறது. மூலம் ஒரு பழைய கூச்சின் பாட்டு. அந்தப் பாட்டின் மூலம் 8ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வாங் வெய்யின் பிரிவுக் கவிதை: காலை மழையில் தூசி அடங்கியிருக்கிறது, விடுதியைச் சுற்றி வில்லோக்கள் புதிதாகப் பசுத்திருக்கின்றன, இன்னொரு கிண்ணம் குடித்துவிட்டுப் போ, யாங் கணவாயைத் தாண்டினால் பழைய நண்பர் யாரும் இருக்க மாட்டார்கள். வாங் வெய் கவிஞர் மட்டுமல்ல, இசைக்கலைஞர், ஓவியர். பின்வந்த ஓவியர்கள் மை நிலக்காட்சி மரபுக்கே அவரை முன்னோராகக் கொண்டாடினார்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். கூச்சினில் ஸ்வரம் வழுக்கும், அசையும். பியானோவில் கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரம் அப்படியே நிற்கும், வளைக்க வழியே இல்லை. சோ என்ன செய்தார்? மெட்டின் ஸ்வரத்தை ஒட்டி, அரை ஸ்வரம் தள்ளி உரசும் ஒலிகளைச் சேர்த்து வைத்தார். அவற்றையும் பக்கத்தில் வைக்காமல், பியானோவின் மிக மேலும் மிகக் கீழுமாகப் பரப்பினார். காதுக்கு அவை தனி ஸ்வரங்களாகப் படுவதில்லை. முக்கிய ஸ்வரத்தின் ஓரம் மங்கி அதிர்வது போலத்தான் கேட்கிறது. ஈரத்தாளில் மைக்கோட்டின் விளிம்பு கசிவது இப்படித்தான். மேற்கத்திய இலக்கணத்தில் அபஸ்வர உரசல் என்று பெயர் வாங்கும் ஒலி, இங்கே தூரிகைக் கசிவு. முதல் தடவை கேட்பவர்கள் 'என்னவோ தப்பாக வாசிக்கிறார்' என்று நினைப்பது இந்த இடத்தில்தான்.

இதன்பின் குழலுக்கும் பியானோவுக்கும் 'கர்சிவ்' (1963). தூரிகை தாளை விட்டுப் பிரியாமல் விரைந்தோடும் எழுத்துக்கலையிலிருந்து வந்த தலைப்பு அது. மீனவன் பாட்டு என்னும் கூச்சின் மெட்டை ஒன்பது கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுத்த 'யூ கோ' (1965). வயலின், செல்லோ, கிளாரினெட், பியானோ நான்குக்கும் 'காற்று வீசும் சிகரங்கள்' (1990). முதல் ஸ்ட்ரிங் குவார்டெட் 'மேகங்கள்' (1996), இரண்டாவது 'ஓடைகள்' (2003). தலைப்புகளைப் பார்த்து மேக ஒலி, ஓடை ஒலி தேடினால் ஏமாந்துபோவீர்கள். 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒற்றை ஸ்வரமே தன்னளவில் முழுமையான இசை என்ற சிந்தனையை அவர் விரித்து எழுதினார். அதைத் திறவுகோலாக வைத்துக் கேட்டால் கதவு திறக்கும்.

சுருக்கமாக: தூரிகை வீச்சு இங்கே ஒற்றை ஸ்வரத்தின் பிறப்பு, அழுத்தம், தேய்வு ஆகிறது. வெற்றிடம் மௌனமாகிறது. வழுக்கி இறங்கிய ஸ்வரத்துக்குப் பின் வரும் மௌனமும், மணியொலி போன்ற ஹார்மோனிக்குக்குப் பின் வரும் மௌனமும் ஒரே மாதிரி இருக்காது. முந்தைய ஒலிதான் அதற்கு நிறம் கொடுக்கிறது. நகரும் பார்வை, படைப்பின் அமைப்பாகிறது. மேற்கத்திய செவ்வியல் வடிவங்களில் முதலில் வந்த மெட்டு சுற்றிவிட்டு வீடு திரும்பும். சுருள் ஓவியம் போல் அமைந்த இசையில் போனது போனதுதான்.

ஐந்து ஸ்வரக் கதை

சரி, அந்த அஞ்சு ஸ்வரம்? சீன மரபில் அடிப்படை ஐந்து ஸ்வரங்களுக்குக் கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்று பெயர். கோங்கை ஆதாரமாக வைத்தால் வருவது ஸ ரி க ப த, நம் மோகன ராகம். மோகனத்தில் கிரக பேதம் (அதே ஸ்வரங்களில் ஆதாரத்தை மட்டும் மாற்றி வேறு ராகம் காண்பது) செய்து பழகியவர்களுக்கு அடுத்தது தெரியும். ஷாங்கை ஆதாரமாக்கினால் மத்யமாவதி, ஜுவேயில் இந்தோளம், ஜியில் சுத்த சாவேரி, யூவில் சுத்த தன்யாசி. ஐந்துமே சீன இசையில் முறைகளாக இருக்கின்றன.

ஆனால் இதே ஸ்வரங்கள் ஸ்காட்லாந்திலும் உண்டு, ஆப்பிரிக்காவிலும் உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. எனவே ஸ்வரக் கணக்கு இசையைச் சீன இசை ஆக்குவதில்லை. ஒரு ஸ்வரத்தை எப்படித் தொடுகிறார்கள், எப்படி விடுகிறார்கள் என்பதுதான் ஆக்குகிறது. மோகனத்தின் ஸ்வரங்களை மட்டும் தட்டினால் மோகனம் வராது என்று பாட்டு வாத்தியார் சொல்வது இங்கும் செல்லும்.

வயல்வெளியிலிருந்து வந்த ஒலிகள்

ஓவியம், கற்றறிந்தவர்களின் கலை. இந்த இசையின் இன்னொரு கால் கிராமத்தில் ஊன்றியிருக்கிறது. அந்தக் கதை கொஞ்சம் கசப்பானது.

மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சியின்போது (1966–76) நகரத்துப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கிராமங்களுக்கும் எல்லைப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். இசைப் பள்ளிகள் முடங்கின. பின்னாளில் இசையமைப்பாளரான, ஷாங்காயில் பிறந்த பிரைட் ஷெங் 15 வயதில் திபெத்தை ஒட்டிய சிங்ஹாய்க்குப் போய் ஏழு ஆண்டுகள் அங்கேயிருந்த பாட்டு நடனக் குழுவில் வாசித்தார். குவாங்ஜோவில் வளர்ந்த, அவரைப் போலவே இசையமைப்பாளரான சென் யீ வயலினும் கையுமாக வயல் வேலைக்குப் போனார். தண்டனைபோல வந்தது ஒரு காதுப் பயிற்சியாகவும் ஆகிவிட்டது. அதற்காக அந்தக் கொடுமைக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. 1978இல் பெய்ஜிங்கின் மத்திய இசைக் கல்லூரி மீண்டும் மாணவர்களைச் சேர்த்தபோது சென் யீ, ஜோ லாங், டான் டுன் மூவரும் அங்கே சேர்ந்தார்கள். நாட்டுப்பாடல் சேகரிக்க ஊர் ஊராகப் போவது அங்கே பாடத்தின் ஒரு பகுதி. பின்னால் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் மூவரும் சோ வென்-சுங்கிடமே படித்தார்கள், ஷெங்கும்தான்.

நாட்டுப்புற ஒலி என்றதும் மெட்டை எடுத்து வயலினில் வாசிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. சிங்ஹாய், கான்சு பகுதிகளில் 'ஹுவார்' என்ற மலைப்பாட்டு உண்டு (2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது). பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கேட்க வேண்டிய பாட்டு. ஆகவே உச்சத்தில் எடுப்பார்கள், வரியின் கடைசி ஸ்வரத்தை நீட்டுவார்கள், தாளத்துக்குக் கட்டுப்பட மாட்டார்கள். குரலின் அந்த வடிவம் நிலத்தின் அமைப்பிலிருந்து வருகிறது. ஷெங் 1995இல் செல்லோ மேதை யோ-யோ மாவுக்காக எழுதிய 'சீனாவில் கேட்ட ஏழு மெட்டுகள்' தனிச் செல்லோவுக்கானது. அதில் மெட்டு கிடைக்கும், அதைவிட முக்கியமாக அந்த மெட்டைப் பாடும் தொண்டையும் கிடைக்கும்.

ஷாங்காயைச் சுற்றிய ஜியாங்னான் பகுதியின் தேநீர்க் கடைகளில் 'பட்டும் மூங்கிலும்' என்ற கூட்டு வாசிப்பு இன்றும் நடக்கிறது. தந்தி வாத்தியங்களும் குழல்களும் சேர்ந்து எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தம் வாத்தியத்துக்கு ஏற்ற அலங்காரத்தோடு. ஒருவர் நீட்டும் இடத்தில் இன்னொருவர் நிரப்புவார். இதற்கு ஹெட்டிரோஃபனி என்று பெயர். ஸ்ட்ரிங் குவார்டெட்டின் நான்கு பேரும் ஒரே கோட்டை நான்கு விதமாக, கொஞ்சம் முன்பின்னாக வரைந்தால் கிடைக்கும் ஒலி இதுவே. 1982இல் ஜோ லாங் எழுதிய 'சின் பாட்டு' (சின் என்றால் கூச்சின்தான்) என்ற குவார்டெட்டில் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தந்தியைச் சுண்டி, இடது விரலை வழுக்கவிடும் இடங்களைக் கவனியுங்கள். நான்கு மேற்கத்திய வாத்தியங்கள் சேர்ந்து ஒற்றைக் கூச்சினாக மாறும்.

டான் டுன் வேறு திசையில் போனார். ஹூனான் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அங்கே சாவுச் சடங்குகளையும் பேயோட்டும் சடங்குகளையும் பார்த்து வளர்ந்தவர். 1994இல் குவார்டெட்டுக்கும் பிபா என்ற சீனத் தந்தி வாத்தியத்துக்கும் எழுதிய 'ஆவி நாடக'த்தில் தண்ணீர், கல், உலோகம், தாள் எல்லாம் வாத்தியங்கள். தாயை இழந்த சிறுமியின் நாட்டுப்பாட்டு ஒன்றும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் முன்னிசை ஒன்றும் அதில் சந்தித்துக்கொள்கின்றன. எனக்கு நாடகத்தனம் சற்று அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் கிண்ணத்துத் தண்ணீரில் கை அளையும் ஒலி, தூரிகையால் வரைந்த எந்த ஆற்றையும்விடப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்பதை மறுக்க முடியவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்

முதலில் குவான் பிங்ஹுவின் 'ஓடும் நீர்'. ஹெட்ஃபோன் அவசியம், போன் ஸ்பீக்கரில் விரல் உராய்வு கேட்காது. அப்புறம் சோவின் 'தளிர்விட்ட வில்லோ மரங்கள்', சில நிமிடம்தான். மூன்றாவதாக ஷெங்கின் செல்லோ மெட்டுகளில் ஏதாவது ஒன்றிரண்டு. இவை பழகியபின் 'மேகங்கள்' குவார்டெட்டுக்குப் போகலாம். நேரே அதில் இறங்கினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள்.

கேட்கும்போது அடுத்த மெட்டு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அது எங்கே தொடங்கியது, நடுவில் என்ன ஆனது, எப்போது நின்றது என்று பாருங்கள். எப்போது நின்றது என்பதைச் சொல்வது நினைப்பதைவிடக் கஷ்டம். இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் அதிலேயே சண்டை வரும்.